இசைத்தட்டும் இசைக்கலையும்: இந்நகரம் தந்த பாடம்

இசையும் பொருளும் தமிழ் நிலத்தில் ஒன்றையொன்று அறியாது வாழ்ந்தவை அல்ல. சங்ககாலப் பாணன் யாழைத் தோளில் தாங்கி வள்ளல்களை நாடி வழிநடந்தான். சிலப்பதிகாரத்திலோ, அரசன் மாதவிக்கு அளித்த மாலையைக் கூனி ஒருத்தி செல்வ இளைஞர் நடமாடும் வீதியில் நின்று விலை கூறினாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்துக் கோவலன் வாங்கினான். அன்றே கலைக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையைக் கூற ஒரு வீதியும் இருந்தது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறிய பின்னரே அம்மாலை வீதிக்கு வந்தது. கலை முன்னே நடந்தது. விலை பின்னே வந்தது.

இம்முறை தலைகீழாகி, விலை முன்னே சென்று கலைக்கு வழிகாட்டத் தொடங்கின் என்ன நேரும்? வாணிகத்தின் நெருக்குதலால் இசையின் தரம் தாழுமா, அன்றி வாணிகமே இசையை வாழ்விக்குமா? இவ்வினாவை ஆராய்தற்கு நாம் வாழும் இந்நகரினும் ஏற்ற இடம் இந்தியாவில் வேறில்லை. கல்கத்தா என்று நெடுங்காலம் வழங்கி, 2001 முதல் கொல்கத்தா எனப் பெயர்பெற்ற இந்நகரிலேதான் நம் நாட்டு இசை முதன்முதல் பெருவாணிகப் பண்டமாயிற்று. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்கிச் செல்லும் நம்மவருள், தம் பாட்டனார் வீட்டில் சுழன்ற தமிழ்த் தட்டுகளுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவை அறிந்தவர் சிலரே. அதனை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம்.

குழல்வாயில் அடங்கிய குரல்

இலண்டன் நகரில் 1898-இல் தோன்றிய கிராமபோன் கம்பெனி மூன்றே ஆண்டுகளில் கல்கத்தாவில் கிளை கண்டது. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இங்கு வந்து, பாடகர் பலரின் குரலை மெழுகுத் தட்டில் பதிந்தார். அவருள் தலைசிறந்தவர் கௌஹர் ஜான் அம்மையார். பாட்டின் முடிவில் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லும் வழக்கம் பெரும்புகழ் பெற்றது. அது வெறும் பெருமிதம் அன்று. பதிந்த மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்றன. அங்கே தட்டு அழுத்துவோர்க்கு இந்தியப் பெயர்கள் தெரியா; பாடியவர் இன்னார் என்று அறிந்து சீட்டு ஒட்டுதற்காகவே அவ்வறிவிப்பு வேண்டப்பட்டது. தொழிற்சாலையின் தேவை ஒன்று பாட்டின் ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்ட முதல் நிகழ்ச்சி இது எனலாம்.

அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் பெரிய குழலின் வாயில் முகத்தை வைத்து உரத்துப் பாட வேண்டும். மென்மையாகக் குழைத்துப் பாடினால் ஊசி ஏற்காது. மிருதங்கத்தின் நுண்ணொலி பதிவாகாது. மின்வழி ஒலிப்பதிவு 1925-க்குப் பின்னரே வந்தது. ஆகவே முதல் இருபது ஆண்டுத் தட்டுகளில் நாம் கேட்பது, அக்காலப் பாடகர் பாடிய இசை முழுமையும் அன்று. அக்குழல் ஏற்றுக்கொண்ட இசையே.

இதனினும் வலிய கட்டு, காலத்தின் கட்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும்; பன்னிரண்டங்குலத் தட்டில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஓரிராகத்தை ஒரு மணி நேரம் விரித்து, தானம் பாடி, பல்லவி எடுத்து, விடியுமட்டும் அவையை ஆளும் வித்துவான், 'மூன்று நிமிடத்தில் முடித்திடுக' என்னும் ஆணைக்கு உட்பட்டார். ஆலாபனை அரை நிமிடமாயிற்று. ஒரு பக்கத்தில் பல்லவியும் அனுபல்லவியும், மறுபக்கத்தில் சரணமும் என்று கீர்த்தனை பிளவுபட்டது. நிரவலும் சுரமும் பெரும்பாலும் நின்றன. கச்சேரி மேடையிலும் பல உருப்படிகளைச் சுருக்கமாகப் பாடும் முறை அதே தலைமுறையில்தான் வேரூன்றியது. இதற்குத் தட்டு ஒன்றே காரணம் என்று கூறோம். சபைகளும் சீட்டு வாங்கி வரும் அவையோரும் காரணமே. ஆயினும் மூன்று நிமிட இன்பத்திற்குப் பழகிய செவி மேடையிலும் அதனையே வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அரக்கும் ஆலையும்

இத்தொழில் கல்கத்தாவில் நிலைகொண்டதற்கு அரக்கும் ஒரு காரணம். இசைத்தட்டின் உயிர்ப்பொருள் அரக்கே. சோட்டா நாகபுரிக் காடுகளிலும் புருலியா வட்டாரத்திலும் பலாசு, குசும்பம், இலந்தை மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரப்பது அது. ஏழை மக்கள் அதனைச் சுரண்டித் திரட்ட, கல்கத்தாத் துறைமுகம் வழியாக அது உலகெங்கும் சென்றது. கற்பொடியும் கரியும் அரக்கொடு கலந்து சூட்டில் அழுத்தத் தட்டு பிறந்தது. அரக்கு இங்கிருந்து ஐரோப்பா சென்று தட்டாகி மீண்டும் இங்கே வந்து விலைபோதல் வீண்செலவன்றோ? ஆகவே 1908-இல் சியால்தாவில் தட்டு ஆலை எழுந்தது. 1928-இல் டம்டம்மில் இன்னும் பெரிய ஆலையும் ஒலிப்பதிவுக் கூடமும் தோன்றின. இரண்டு தலைமுறைக் காலம், 'நாய் மார்க்' என்று நம் மக்கள் அன்போடு அழைத்த தட்டுகள் நெல்லைச் சீமைக்கும் கொங்கு நாட்டுக்கும் இங்கிருந்தே சென்றன.

போட்டியும் இல்லாமற் போகவில்லை. 1905-இல் வங்கப் பிரிவினை மூட்டிய சுதேசிக் கனல் எரிந்த நாளில், எச். போஸ் என்னும் வங்கப் பெருமகனார் உருளைப் பதிவுகளை வெளியிட்டார். இரவீந்திரநாத தாகூரின் குரலும் அவற்றில் பதிவாயிற்று. ஆயினும் மலிவாக அழுத்தத்தக்க தட்டின்முன் உருளை நிற்கவில்லை. 1931-இல் எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் ஒரே நிறுவனமாயின. சீட்டு வேறு, பெயர் வேறு, முதலாளி ஒருவர் என்னும் நிலை வந்தது. எதனைப் பதிவது, எதனை விடுவது என்று தெரிவு செய்யும் அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்தது.

பதிந்தோரும் பதியாதோரும்

தமிழ்நாட்டில் முதலில் தட்டுக்குப் பாடியவருள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற மரபுவழிப் பெண் கலைஞர்கள் முன்னின்றனர். உயர்ந்தோர் அவையில் அவர்களுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வந்த காலம் அது. கம்பெனிக்கோ குலமும் கோத்திரமும் பொருட்டல்ல. தட்டு விற்றால் போதும். அதனால் அவர்கள் குரல் நமக்கு எஞ்சியது. தாயி அம்மாள் பாடிய தமிழ்ப் பாடல் ஒன்றின் தட்டுப் பாரிஸ் சென்று மோரிஸ் தெலாஷ் என்னும் இசையமைப்பாளரைக் கவர்ந்தது. அதனை அடியொற்றி அவர் ‘இராகமாலிகா’ என்னும் பெயரிலேயே ஓர் இசைப்பா அமைத்தார். 1917-இல் மறைந்த அவ்வம்மையாரின் குரல், எந்த வள்ளலின் அரண்மனையும் கொண்டுசெல்லாத இடத்துக்கு வாணிகத்தின் தோளேறிச் சென்றது.

இவ்விடத்தில் இருவரை ஒப்புநோக்குவோம். நாடக மேடையை ஆண்ட செங்கோட்டை கிட்டப்பா 1933-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் பேசும்படத்தில் நடித்ததில்லை. இன்று அவர் குரலை நாம் கேட்கின்றோம் எனின், அது இசைத்தட்டு வாணிகம் செய்த உதவி. அடுத்த ஆண்டே, 1934-இல் காஞ்சிபுரம் நாயனாப்பிள்ளை மறைந்தார். பல்லவியிலும் இலயத்திலும் ஈடற்றவர். பக்கவாத்தியங்கள் பல சூழ, முழுக்கட்டுக் கச்சேரி செய்தவர். அவர் இசையைத் தாங்கிய தட்டு ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. மூன்று நிமிடத்தில் அடங்கக்கூடியதும் அன்று அவர் கலை. அவர் பெருமையை மாணவர் வாய்மொழியாலேயே அறிகின்றோம். தட்டுக்குள் புகுந்தவர் குறைந்து புகுந்தார். புகாதவர் முற்றும் மறைந்தார். இவ்விரண்டில் எது பேரிழப்பு என்று கூறவல்லார் யார்?

மூன்றாவதாக வீணை தனம்மாளை நினைக்க வேண்டும். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில், வெள்ளிக்கிழமை தோறும், மிருதங்கத் துணையுமின்றி மெல்லிய மீட்டலால் அறிந்தோரை உருக்கிய பெருமாட்டி அவர். 1867-இல் பிறந்த அவர், 1932-இல், முதுமையும் வறுமையும் பார்வைக்குறைவும் சூழ்ந்த காலத்தில், கொலம்பியா கம்பெனிக்கு வாசித்தார். எஞ்சியவை எண்ணத்தக்க சில தட்டுகளே. ஆயினும் அவற்றைக் கேட்போர் ஒன்றை உணர்வர்: அவர் மூன்று நிமிடத்துக்காக விரையவில்லை. காலம் குறுகிற்று, கலை குறுகவில்லை. கட்டுக்குள்ளும் தரம் காக்கத்தக்கது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இந்நகரத்தின் வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமும் இதனையே காட்டுகின்றார். 1920-களின் இறுதி தொடங்கி அவர் கிராமபோன் கம்பெனிக்குப் பாட்டெழுதினார், இசையமைத்தார், பாடகரைப் பயிற்றினார். கேட்ட பொழுதெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டிய கூலித்தொழில் அது. அந்நெருக்கடியில் எழுந்தவற்றுள் காலத்தை வென்று நிற்பவை பல. வாணிகம் கலைஞனை விரைவுபடுத்தலாம். உள்ளே ஊற்று இருப்பின் அவ்விரைவிலும் தெளிநீர் சுரக்கும்.

தமிழிசைக்கு வாய்த்த துணை

மற்றொரு செய்தியையும் நடுநிலையோடு கூறல் வேண்டும். சபை மேடைகளில் பிறமொழிக் கீர்த்தனைகளே கோலோச்சிய நாளில், தட்டுக் கம்பெனிகள் தமிழ்ப் பாடல்களைப் பெருவாரியாக வெளியிட்டன. தமிழ்ப்பற்றினால் அன்று, தட்டு வாங்கும் சிற்றூர் மக்கள் தமிழர் ஆனதால். நாடகப் பாடலும் தெய்வப் பாடலும் தேசியப் பாடலும் தேநீர்க் கடை தோறும் திருவிழாப் பந்தல் தோறும் ஒலித்தன. 1943-இல் அண்ணாமலை அரசரின் முயற்சியால் தமிழ் இசைச் சங்கம் தோன்றுமுன்பே, 'தமிழில் பாடினால் கேட்பார் உண்டு' என்பதை வாணிகம் கணக்கெழுதிக் காட்டிவிட்டது.

அந்த வாணிகத்தில் தமிழரும் இறங்கினர். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1932-இல் நண்பரொடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் தட்டுகளை விற்றார். தட்டு விற்றவர்க்குப் படம் பிடிக்கும் ஆசை எழுந்தது. தென்னாட்டில் போதிய படக்கூடம் இல்லாமையால் அவர் வந்தது இந்நகருக்கே. 1935-இல் வெளிவந்த 'அல்லி அர்ஜுனா' இங்கே எடுக்கப்பட்டது; பொருள் இழப்பையே தந்தது. 1933-இல் 'வள்ளி திருமணம்', 1937-இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' எனத் தமிழ்ப் படங்கள் பல கல்கத்தாவில் உருவாயின. அன்றைய படங்களில் பாட்டே பாதி. பாடத் தெரிந்தவரே நடிகர். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்தில் நடிக்கக் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் பெற்ற ஊதியம் ஓரிலட்சம் ரூபாய். பாணன் கனவிலும் கண்டறியாத பரிசில் அது! ஆயினும் எல்லாக் கலைஞர்க்கும் அது வாய்க்கவில்லை. பின்னணிப் பாட்டு வந்தபின் தட்டின் மூன்று நிமிடமே திரைப்பாட்டின் அளவாகவும் நிலைத்தது.

இரு கவிஞர், இரு வழி

பாட்டு யாருக்கு உரியது என்னும் கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகின்றது. பாக்பசாரில் வாழ்ந்த நிவேதிதா தேவியாரைக் குருவாகக் கொண்ட நம் பாரதியார், தம் பாட்டுகள் தீப்பெட்டியைப் போல் வீடுதோறும் பரவும் என்று கனவு கண்டவர் என்பர். ஆயின் அவர் மறைந்தபின் அப்பாட்டுகளைத் தட்டிலும் படத்திலும் பாடும் உரிமை வாணிகர் கைக்கு விலையாகச் சென்றது. பிறர் பாடின் உரிமையாளரின் இசைவு வேண்டும் என்னும் நிலை எழுந்தது. தமிழுலகம் கொதித்தது. எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் போராட, 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளை ஏற்றுப் பொதுவாக்கியது.

தாகூரின் பாடல்களுக்கு நேர்ந்தது வேறு. அவர் தம் பாடல் சிதையாமல் பாடப்பட வேண்டும் என்று கவன்றவர். அவருக்குப்பின் விசுவபாரதி இசைக்குழுவின் ஒப்புதலின்றித் தட்டு வெளிவருதல் அரிதாயிற்று. பதிப்புரிமை 2001-இன் இறுதி வரை நீடித்தது. அதனால் வாணிகத்தின் மலிவுக் கை தாகூரிசையைத் தீண்டவில்லை. ஆயின் தேவவிரத விசுவாசர் போன்ற பெரும் பாடகரும் பக்க இசை மிகுந்தது என்னும் குறையால் தடைப்பட்டார். மனம் நொந்து தட்டுக்குப் பாடுவதையே விட்டார். ஒருவர் பாட்டை வேலியின்றித் திறந்தோம். மற்றவர் பாட்டை வேலியிட்டுக் காத்தனர். திறந்த பாட்டு எங்கும் பரவியது, சில இடங்களில் தேய்ந்தது. காத்த பாட்டுத் தூய்மையுற்றது, சில இடங்களில் மூச்சுத் திணறியது. இரண்டையும் அருகிருந்து கண்ட வாய்ப்பு வங்கத்தில் வாழும் தமிழராகிய நமக்கே உரியது.

தடையால் தரம் வளர்ந்ததா?

அரசின் ஆணையால் தரத்தைக் காக்க முயன்ற வரலாறும் உண்டு. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஏறத்தாழ ஒழித்தார். விளைவு என்ன? கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அதன் வர்த்தக ஒலிபரப்பு வளம்பெற்றது. 1957-இல் விவித பாரதி தொடங்கி, வெளியேற்றிய பாடலை அரசே அழைத்துக்கொண்டது. எனினும் அதே வானொலி செவ்வியல் கலைஞர் பலருக்குச் சோறிட்டதையும், மூன்று நிமிடத்துக்கு மேல் பாட இடம் தந்ததையும் மறத்தலாகாது. பிறர் செவியை அடைத்துச் சுவையை வளர்த்தல் இயலாது. நல்லதனைக் கேட்க இடம் அமைத்தலே இயலும்.

பயன் யாருக்கு?

பாடியவர்க்கும் இயற்றியவர்க்கும் கிடைத்தது என்ன? பலர் ஒருமுறைக் கூலி பெற்றுச் சென்றனர். படத்துக்காக அமைத்த இசையின் உரிமை பற்றி இந்நகரின் படத்தொழிற் சங்கத்துக்கும் இசையாசிரியர் கழகத்துக்கும் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1977-இல் தீர்ப்புப் படமுதலாளிகள் பக்கம் நின்றது. பாடகர்க்குச் சட்டத்தில் உரிமையே இல்லையே என்று நீதிபதி கிருஷ்ணையர் அத்தீர்ப்பிலேயே இரங்கினார். 1994-இல் பாடுவோர்க்கும் சில உரிமைகள் கிடைத்தன. 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய பங்கை எழுதிக்கொடுத்து இழக்கலாகாது என்று விதித்தது. தட்டுச் சுழலத் தொடங்கி நூற்றுப்பத்து ஆண்டு கழிந்தே அந்நீதி வந்தது.

இதற்கிடையே நெடுந்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது. ஒலிநாடா ஒரு மணி நேர இசைக்கு இடம் தந்து, இராகம் தானம் பல்லவியை மீண்டும் வீட்டுக்குள் கொணர்ந்தது. கள்ளப்பதிவையும் உடன் கொணர்ந்தது. கிராமபோன் கம்பெனி 1980-களின் நடுவில் கோயங்கா குழுமத்தின் கைக்கு வந்து, 2000-இல் சரிகம என்னும் பெயர் பூண்டது. 2017-இல் அது பழம்பாடல் ஐயாயிரத்தை அடக்கி வெளியிட்ட பேழை வானொலி பெரும் விற்பனை கண்டது. புதுமையை விற்கப் பிறந்த கம்பெனிக்குப் பழைமையே புதையலாயிற்று! தரமுள்ள பாட்டு, வாணிகக் கணக்கிலும் நெடுநாள் வட்டி ஈட்டும் என்பது இதனால் விளங்கும். இன்றோ இணையவழி இசையில் ஒருவர் முப்பது நொடி கேட்டாலன்றிக் கேட்டதாகக் கணக்கிடாத நிறுவனங்கள் உள. ஆகவே முதல் முப்பது நொடியில் கேட்போரைப் பிடித்து நிறுத்தும் பாட்டே வேண்டப்படுகின்றது. மூன்று நிமிடத்தின் பேரன் முப்பது நொடி!

நம் கடமை

வாணிகத்தை வைது முடித்தல் எளிது; அது நமக்குத் தகாது. இம்மலரும் அன்பர்களின் விளம்பரப் பக்கங்களாலேயே அச்சேறுகின்றது. நம் விழா மேடையிலும் மூன்று மணிக் கச்சேரி ஒரு மணியாகச் சுருங்கியதற்கு எந்தக் கம்பெனியும் காரணம் அன்று. இருக்கை நிறைய வேண்டுமே என்னும் நம் அச்சமே காரணம். கம்பெனி செய்த தெரிவை நாமும் செய்துகொண்டே கம்பெனியைக் குறைகூறுகின்றோம்.

ஆதலின் இச்சங்கத்தார்க்கு இரண்டு செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். ஒன்று: ஆண்டில் ஒருநாளேனும், சீட்டு விற்பனையைக் கருதாமல், ஒரு கலைஞரை அழைத்துத் தக்க பரிசில் அளித்து, அவர் விரும்புமட்டும் பாட இடம் தருவோம், கேட்போர் ஐம்பதின்மர் ஆயினும் அமைக. இரண்டு: நம் இல்லங்களில் பரண்மேல் பழந்தட்டுகள் இன்றும் இருக்கக்கூடும். அரக்குத் தட்டு கைதவறின் உடையும், உடைந்தால் ஒட்டாது. அவற்றைத் திரட்டித் துடைத்துப் பதிவு செய்து காப்போம். டம்டம்மில் அழுத்தித் தமிழகம் சென்று, பிழைப்பு நாடி வந்த நம் முன்னோரின் பெட்டியில் மீண்டும் இந்நகருக்கே வந்த தட்டுகளும் அவற்றுள் இருக்கலாம். அக்குரல்களுக்கு அன்று விலை கூறியவர் பலர். இன்று செவி கொடுக்க வேண்டியவர் நாம்.

வாழ்க தமிழிசை! வளர்க நம் சங்கம்!